செங்கம்மாள் சொன்ன கணவாய்

செங்கம்மாளைப் பற்றி முதன்முதலில் எழுதி வைத்தவன் நான்தான். 1966-ஆம் வருஷம், ஒரு முழுத்தாளில், நாலே வரி. அந்த நாலு வரியில் ஒரு சொல் தப்பு. அந்தச் சொல்லால் அவள் புருஷன் ஜெயிலுக்குப் போனான். திரும்பி வந்து எட்டு வருஷம் அவளோடு பேசவில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். ஏட்டோடு நின்றிருந்தால் இதை இப்போது எழுத வேண்டியிருக்காது.

என் பெயர் துளசிராமன். போலீஸ் இலாகாவில் ரைட்டர், அதாவது ஸ்டேஷனில் உட்கார்ந்து புகாரும் வாக்குமூலமும் எழுதுகிறவன். இப்போது மணவாள நகரில் பென்ஷன் வாங்கிக்கொண்டு, பேப்பரில் வரும் எழுத்துப் பிழைகளைத் திட்டிக்கொண்டு இருக்கிறேன். அது எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. தப்பு செய்தது என் கை. கட்டடத்தின் மேல் பழி போடுவானேன். இன்னொன்று. செங்கம்மாள் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். 'அவர்' என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அந்தத் தாளில் 'அவள்' என்று எழுதிவிட்டு இப்போது மரியாதை கொடுத்தால் அது வேஷம். அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, காட்டுப்பள்ளிக்கு வடக்கே, மணல்மேட்டில் இருந்த ஒரு குப்பம் அவளுடைய ஊர். ஐம்பது வீடு இருக்கும். புருஷன் சடையப்பன் ஏரியில் வலை விடுகிறவன். அவர்களுக்கு ரத்னா என்று ஒரே மகள். மீன் அறுப்பதில் செங்கம்மாளுக்கு ஒரு பெயர் உண்டு, அதிலும் கணவாய் அறுப்பதில். கணவாயின் வயிற்றுக்குள் மைப்பை இருக்கிறது. கத்தி அதில் பட்டால் கூடை மீனும் கறுத்துப்போகும். அவள் கத்தியே எடுக்க மாட்டாள். முதுகில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல், பிறகு ஓர் அழுத்து. வெள்ளை ஓடு உடையாமல் வெளியே வந்து விழும். அந்த ஓடுகளைக் காய வைத்துப் பொன்னேரியில் நாட்டு மருந்துக் கடைக்குக் கொடுப்பாள். கடைக்காரர் அதைக் 'கடல்நுரை' என்று விற்பார்.

அந்தக் கடல்நுரையை எங்கள் வீட்டிலும் வாங்கியிருக்கிறோம். எங்களுடையது திருவள்ளூருக்கு மேற்கே நெல் விளைகிற கிராமம். மீன் என்றால் எங்களுக்கு ஏரி மீன்தான், விரால், கெளுத்தி. எனக்குச் சின்ன வயதில் காதில் சீழ் வந்தபோது அம்மா கடல்நுரையை உரசிப் போட்டாள். கடலில் அலை அடித்து அடித்து நுரை இறுகிக் கட்டியானது அது என்று சொன்னாள். நானும் நம்பினேன். ஒரு மீனின் முதுகு ஓடு அது என்று முப்பத்தைந்து வயது வரை எனக்குத் தெரியாது.

அந்தக் குப்பத்தில் செங்கம்மாள் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. பங்கு பிரிக்கும்போது சண்டை வந்தால், "செங்காவ கேளு, அவ இன்னா சொல்றாளோ அதான்" என்பார்களாம். அதிகம் பேச மாட்டாள். சொன்னதை மாற்றவும் மாட்டாள். சடையப்பனும் வலையில் வந்த தெரியாத பூச்சி பொட்டையெல்லாம் அவளிடம் கொண்டுவந்து, "இது இன்னா செங்கா?" என்று கேட்கிறவன்தான். அப்படிப்பட்ட ஜோடி.

1963-இல் ஏரியில், பழைய டச்சுக் கோட்டை இடிந்து கிடக்கிற கரைப் பக்கம், சடையப்பனின் வலை ஒரு கல்லில் சிக்கியது. முழுகிப் பார்த்தான். தூக்கமுடியாத பலகைக் கல். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு படகில் ஏற்றிவந்து வீட்டுக்குப் பின்னால் போட்டான். ஒன்றரை முழ நீளம், ஒரு பக்கம் வழுவழுப்பு. மீன் அறுக்கத் தோதாக இருந்தது. செங்கம்மாள் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தபோது சாம்பல் நிறத்தில் அதில் உருவங்கள் தெரிந்தன. நேரானவை, நீளமானவை, ஒரு முனை விரல் கனம், மறுமுனை மணிக்கட்டுக் கனம். ஆறு இருந்தன. ஒவ்வொன்றிலும் குறுக்கே நெருக்கமாகக் கோடுகள். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஈட்டி என்றான் ஒருவன், மெழுகுவத்தி என்றாள் ஒருத்தி. செங்கம்மாள் மட்டும் கணவாய் என்றாள். கணவாய் ஓட்டை நகத்தால் பிளந்தால் உள்ளே மெல்லிய அடுக்கடுக்காக அறைகள் இருக்கும். அந்தக் கோடுகள் அதே அறைகள் என்று சடையப்பனுக்குக் காட்டினாள். ஓடு நீட்டமாக வளர்ந்த ஏதோ ஒரு கணவாய் கல்லாகிவிட்டது என்றாள். அவனும் ஆமாம் என்றான்.

மூன்று வருஷம் அதன் மேல் மீன் அறுத்தாள். அப்புறம் நாங்கள் போனோம்.

பழவேற்காட்டில் வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. பூவேலை செய்த கல்லறைகள். அந்த வருஷம் அதற்கு வேலி போடக் காண்ட்ராக்ட் எடுத்தவன், செதுக்கிய கல் ஒன்று குறைகிறது என்று புகார் கொடுத்தான். குப்பத்தில் ஒரு வீட்டில் வேலைப்பாடு உள்ள கல் இருப்பதாக யாரோ சொன்னார்கள். சடையப்பனைப் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்தாயிற்று. ஏரியில் எடுத்தேன் என்று அவன் சொன்னதை எழுதிக்கொண்டேன். பிறகு சப்-இன்ஸ்பெக்டரும் நானும் சாட்சிக்கு இரண்டு பேரும் படகேறிக் குப்பத்துக்குப் போனோம். பொருளைக் கைப்பற்றும்போது அங்கேயே மகஜர் எழுத வேண்டும். நான் திண்டாடிக்கொண்டு ஒரு கவிழ்த்த படகின் மேல் தாளை வைத்து எழுதினேன். நல்ல வெயில்.

"இது என்னம்மா, பூவேலை செதுக்கியிருக்கு? எந்தக் கல்லறையில எடுத்தான் உன் புருஷன்?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"யாரும் செதுக்குல சாமி. கணவாய் அது. கணவாய்தான் அப்டியே கல்லா பூட்ச்சி" என்றாள் செங்கம்மாள்.

எனக்குத் தெரிந்த கணவாய் இரண்டு. கைபர், போலன். எட்டாம் வகுப்புச் சரித்திரத்தில் படையெடுத்து வந்தவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் வந்தார்கள். பரீட்சையில் அதற்கு முழு மார்க் வாங்கியவன் நான். மலைக்கு நடுவே போகிற வழி. அங்கே கிடைத்த கல் என்று சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். "மேற்படி கல் யாரும் செதுக்கியதல்ல என்றும், மலைக் கணவாயிலிருந்து வந்த கல் என்றும் மேற்படி செங்கம்மாள் சொல்கிறாள்" என்று எழுதினேன். மலை என்பதை நானாகச் சேர்த்தேன். வெறும் கணவாய் என்றால் மொட்டையாக இருந்தது. என் தமிழ் நன்றாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு எப்போதுமே ஒரு கர்வம்.

படித்துக் காட்டினேன். மலை என்ற இடத்தில் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மலையா?"

"கணவாய்னு நீதானேம்மா சொன்னே?"

"ஆமா, கணவாய்தான் சொன்னேன்."

"அப்ப மலைதான். வை கையை."

படித்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் போல என்று நினைத்தாளாம். பல வருஷம் கழித்து அவளே சொன்னாள். கட்டைவிரலில் மையைத் தடவி நான்தான் அவள் கையைத் தாளில் அழுத்தினேன்.

கோர்ட்டில் கேஸ் அரை மணி நேரம்கூட நடக்கவில்லை. சடையப்பனுக்கு வக்கீல் இல்லை. மாஜிஸ்திரேட் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்தவர். அவருக்கும் கணவாய் என்றால் ஒன்றுதான். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "புருஷன் ஏரியில் எடுத்தேன் என்கிறான். பெண்டாட்டி மலையிலிருந்து வந்தது என்கிறாள். இந்தத் தாலுகாவில் எங்கேயப்பா மலை இருக்கிறது?" என்றார். கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார், ஆகவே கல் திருட்டுக் கல் என்று முடிந்தது. இரண்டு மாதம்.

வெளியே கூட்டிக்கொண்டு வரும்போது வராந்தாவில் செங்கம்மாள் நின்றிருந்தாள். சடையப்பன் அவளிடம் ஒன்றுதான் கேட்டான்.

"மலைன்னு ஏன்டீ சொன்ன?"

"நான் சொல்லலயே. கணவாய்னுதான் சொன்னேன்."

"காயிதத்துல இருக்குதே. நீ கைநாட்டு வேற வெச்சிக்கிற."

அவளுக்கு அது விளங்கியிருக்க முடியாது. அந்தக் குப்பத்தில் பிறந்தவர்களுக்குக் கணவாய் என்றால் கடலில் இருப்பது. மலைவழிக்கும் அந்தப் பெயர் உண்டு என்று சொல்லித்தர அங்கே பள்ளிக்கூடமும் கிடையாது, மலையும் கிடையாது. எனக்கோ கடலில் இருப்பது தெரியாது. ஒரே சொல்லின் இரண்டு பக்கத்தில் நின்றுகொண்டு நானும் அவளும் பேசியிருக்கிறோம். நடுவில் இருந்த சடையப்பன் ஜெயிலுக்குப் போனான்.

அவன் திரும்பி வந்தபோது ஊரில் இன்னொரு தண்டனை காத்திருந்தது. ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை விடுவது என்று ஊரே முறை போட்டுக்கொள்ளும். அதற்குப் பாடு என்று பெயர். ஜெயிலுக்குப் போனவனுக்குப் பாடு இல்லை என்று ஊர் கூடிச் சொல்லிவிட்டது. சடையப்பன் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கூலி வேலைக்குப் போனான். ரோடு போடுகிற வேலை, பிறகு புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலைகளுக்கு மண்ணும் செங்கல்லும் சுமக்கிற வேலை. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவான். வந்தால் செங்கம்மாளோடு பேச மாட்டான். அவள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டான். அவனே அடுப்பு மூட்டி அவனே கஞ்சி வைத்துக்கொள்வான். பாடு போனதைக்கூட அவன் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று ஊரில் சொல்கிறார்கள். "போலீசப் பாத்த பயத்துல வாய்க்கு வந்தத சொல்லிட்டு, சொல்லவே இல்லன்றா. அதான் தாங்கல" என்பானாம்.

ஏதாவது அவசியமாகச் சொல்ல வேண்டுமானால் ரத்னா வழியாகப் போகும். "நைனாகிட்ட சொல்லு, கூரை ஒழுகுது." "அம்மாகிட்ட சொல்லு, அடுத்த வாரம் ஓலை வரும்." 1969-இல் ரத்னாவை எண்ணூரில் கட்டிக்கொடுத்தார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சே இல்லை.

செங்கம்மாள் என்னைத் தேடி வர ஆரம்பித்தது அவன் ஜெயிலிலிருந்து வந்த அடுத்த மாதம். கூடையை ஸ்டேஷன் வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"ரைட்டரய்யா, அந்தக் காயிதத்த இன்னொருவாட்டி படிச்சுக் காட்டு."

நகல் கட்டை எடுத்துப் படித்தேன். மலைக் கணவாய்.

"நான் மலைன்னு சொன்னேனா அய்யா?"

"கணவாய்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"அப்புறம் என்னம்மா பேஜார் பண்றே? கணவாய்னா மலைதான்."

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வருஷத்துக்கு ஒருமுறையாவது வருவாள். என்னைத் திருவள்ளூருக்கு மாற்றினார்கள். அங்கேயும் வந்தாள், மூன்று பஸ் மாறி. காகிதம் அங்கே இல்லை என்றேன். "நீதான எய்தின, உனக்கு ஞாபகம் இருக்காதா?" என்றாள். எனக்கு ஞாபகம் இருந்தது. அதே பதிலைச் சொன்னேன். முதல் தடவை வந்தபோது அவள் குரலில் சண்டை இருந்தது. திருவள்ளூருக்கு வந்த தடவை அது இல்லை. "நான்தான் சொல்லிட்டனோ? பயத்துல எனக்கே தெரியாம வாயில வந்துட்ச்சோ?" என்று கேட்டாள். இருக்கும்மா, சில பேருக்கு அப்படி ஆகும் என்று சொல்லி அனுப்பினேன். தேற்றுவதாக நினைப்பு. ஊரே சாட்சிக்குக் கூப்பிட்ட ஒரு மனுஷிக்கு அவள் வாயின் மேலேயே சந்தேகம் வர வைத்தவன் நான். இதை எழுதும்போது இந்த இடத்தில்தான் எனக்குக் கை ஓடவில்லை.

1974-இல் ஹெட் கான்ஸ்டபிளாகப் பழைய ஸ்டேஷனுக்கே திரும்பி வந்தேன். அந்தக் கல் கேஸ் சொத்தாகக் கொல்லைப்புறத்தில் குழாயடியில் கிடந்தது. அதைக் கேட்டு யாரும் வரவில்லை. போலீஸ்காரர்கள் அதில் துணி துவைத்தார்கள். நானும் என் காக்கிச் சட்டையை அதில்தான் அடித்துத் துவைத்தேன்.

ஒரு நாள் காலையில் சென்னையிலிருந்து பாக்கியராஜ் என்று ஒரு கல்லூரி வாத்தியார் வந்தார். மாணவர்களைக் கடற்கரைக்குக் கூட்டி வந்த இடத்தில் கேமராப் பை காணாமல் போய்விட்டது. பூமியைப் பற்றியும் கல்லைப் பற்றியும் பாடம் நடத்துகிறவர். புகார் எழுதி முடித்ததும் கை கழுவக் கொல்லைப்புறம் போனார். நேரமாகியும் வரவில்லை. போய்ப் பார்த்தால், ஈரத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து அந்தக் கல்லைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"இது இங்கே எப்படி சார் வந்தது?"

"அது பழைய திருட்டு கேஸ். யாரோ செதுக்கின கல். மலைக் கணவாயிலிருந்து வந்துதுன்னு ஒரு பொம்பளை உளறினா."

அவர் சிரித்தார். "யாரும் செதுக்கலை சார். மலையும் இல்லை. ஆனா கணவாய்னு சொன்னாங்க பாருங்க, அது சரி. ஆர்த்தோசெராஸ்னு பேர். கணவாய்க்கு ஒண்ணுவிட்ட பங்காளி. இப்ப இருக்கிற கணவாய்க்கு ஓடு உள்ளே இருக்கு. இதுக்கு வெளியே, நேரா, கூம்பு மாதிரி. இந்தக் கோடெல்லாம் அறைங்க. வளர வளரப் பின்னால ஒரு அறையை மூடிட்டு முன்னால வந்து குடியிருக்கும். கடைசி அறைதான் வீடு. செத்து, சேத்துல புதைஞ்சு, கல்லாகி நாற்பத்தஞ்சு கோடி வருஷமாவது ஆகும்."

"எந்தக் கணவாய் சார்?" என்று கேட்டேன். மாஜிஸ்திரேட்டைப் போல நானும் மலையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எந்தக் கணவாயா? மீன் சார். மீன் கடையில விப்பாங்களே, மை கக்குமே. அதோட ஓட்டைத்தான் கடல்நுரைன்னு மருந்துக் கடையில வெச்சிருப்பாங்க."

சின்ன வயதில் அம்மா என் காதில் போட்ட அதே கடல்நுரை. அவர் மேலே ஏதேதோ சொன்னார். இந்த ஜாதிக் கல் நம் நாட்டுக் கல்லே இல்லை, பால்டிக் கடல் பக்கத்தில் கிடைக்கும், டச்சுக்காரர்கள் வீட்டுத் தரைக்குப் போடுவார்கள், கப்பலில் அடிப்பாரமாக வந்து ஏரியில் விழுந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஏரியில் எடுத்தேன் என்று சடையப்பன் சொன்னது உண்மை. செதுக்கவில்லை, கணவாய் என்று செங்கம்மாள் சொன்னது உண்மை. அந்தக் கேஸில் ஒரே ஒரு பொய்தான் இருந்தது. அதை எழுதியவன் நான்.

"படிச்சவங்களா சார் அந்த அம்மா?" என்று பாக்கியராஜ் கேட்டார். இல்லை, மீன் அறுக்கிறவள் என்றேன்.

மறுநாள் லீவு போட்டேன். செங்கம்மாள் அப்போது புதுவாயல் கூட்டு ரோட்டில், வேலைக்குப் போகிறவர்கள் பஸ் ஏறுகிற இடத்தில், காலை வேளையில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். கூடையில் இறாலுக்குப் பக்கத்தில் வெள்ளையாக, மெதுமெதுவென்று, கண் பெரிதாக ஒன்று கிடந்தது.

"இது என்னம்மா?"

"கணவாய் அய்யா. வேணுமா?"

அவளை ஓரமாக உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். மலைக்கு நடுவே போகிற வழிக்கும் படிப்பில் கணவாய் என்று பெயர், எனக்கு அது மட்டும்தான் தெரியும், மலை என்பது நானாகச் சேர்த்தது, நீ சொல்லவில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும், "மலைல போற வழிக்கு இன்னாத்துக்கு மீன் பேரு வெச்சாங்கோ?" என்றாள்.

"அப்போ நான் சொல்லல."

"சொல்லலம்மா."

"நல்லா தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டாள். "வா, இத அந்தாளுகிட்ட சொல்லு" என்றாள். இரண்டு பஸ், பிறகு படகு. வழியெல்லாம் அவள் புடவைத் தலைப்பின் நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாகவே வந்தாள்.

சடையப்பன் இரண்டு வருஷமாக மூச்சிரைப்பில் படுத்திருந்தான். கூலிக்கும் போவதில்லை. கயிற்றுக் கட்டிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தான். அவனுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பானை, ஒரு தட்டு. போலீஸ்காரனைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லி, மண் தரையில் அவன் எதிரே உட்கார்ந்து, சொன்னதை மறுபடி சொன்னேன். பாக்கியராஜ் சொன்னதையும் சொன்னேன். செங்கம்மாள் கதவுப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"எய்திக் குடு" என்றான்.

"என்னது?"

"இப்ப சொன்னத காயிதத்துல எய்திக் குடு. அன்னிக்கி காயிதத்துலதான எய்தின."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தயங்கினேன். மகஜரில் நானாக ஒரு சொல்லைச் சேர்த்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அது யார் கையிலாவது கிடைத்தால், என் வேலை போகும். வாயால் சொல்வது வேறு. இரண்டு பெண் பிள்ளைகள் வீட்டில். சடையப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவருகே அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையில் முழுத்தாள் இருந்தது. எழுதினேன். "1966-ஆம் வருஷம் நான் எழுதிய மகஜரில் மலை என்ற சொல் நானாகச் சேர்த்தது. செங்கம்மாள் அப்படிச் சொல்லவில்லை. அவள் சொன்னது கணவாய் என்னும் கடல் பிராணி. அவள் சொன்னது சரி." பெயர், பதவி, தேதி எல்லாம் போட்டேன். கொம்பும் காலும் சேர்த்து அழகு பண்ணாமல் நான் எழுதிய முதல் தாள் அது.

படிக்கச் சொன்னான். படித்தேன். இன்னொருமுறை என்றான். படித்தேன். தாளை வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து வரி வரியாக ஓட்டினான். பிறகு நாலாக மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தான்.

"செங்கா, தண்ணி குடு" என்றான்.

எட்டு வருஷம் கழித்து அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவள் சொம்பில் மொண்டு கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தான். அவன் கண்ணில் நீர் வழிந்தது. எனக்கும் வந்தது. ஒரு நல்ல காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

படகுத் துறை வரைக்கும் செங்கம்மாள் கூட வந்தாள். அவள் ஏதாவது சொல்வாள், புண்ணியம் கட்டிக்கினே என்றாவது சொல்வாள் என்று மனசுக்குள் ஒரு ஆசை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது.

"எட்டு வருசம் வாயால சொன்னேன். ஆத்தா மேல சத்தியம் வெச்சு சொன்னேன். நம்பல" என்றாள். ஏரியைப் பார்த்தபடியே பேசினாள். "நீ மலைன்னு எய்தின, நம்புனாரு. இப்ப மலை இல்லன்னு எய்தின, நம்பிட்டாரு. நான் சொன்னத எப்பய்யா நம்புனாரு?"

படகு வந்தது. நான் ஏறிக்கொண்டேன். அவள் திரும்பி நடந்தாள். உலையில் சோறு வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள், இரண்டு பேருக்கும்.

சடையப்பன் அடுத்த தை மாதம் இறந்துபோனான். அதுவரைக்கும் அவள் கையால்தான் சாப்பிட்டான் என்றும், வந்தவர் போனவரிடமெல்லாம் தாளை எடுத்துக் காட்டினான் என்றும், ஊர் கூடி அவன் பெயரைப் பாடு முறையில் மறுபடி சேர்த்துக்கொண்டது என்றும் கேள்விப்பட்டேன். வலை விடத்தான் அவனுக்கு மூச்சு இல்லை. கருமாதிக்கு நான் போனேன். துக்கம் விசாரிக்கப் போனேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. என் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் எங்கே கிடக்கிறதோ என்ற பயம் மற்றப் பாதி. கூட்டம் குறைந்த பிறகு செங்கம்மாளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அவரோடயே வெச்சு அனுப்பிட்டேன் அய்யா" என்றாள். "அவருக்குத்தான அது வேணும். நான் இன்னா சொன்னேன்னு எனக்குத் தெரியும்."